வயலுக்கு இட்ட உப்பு கடலுக்குப் போகும் வழி: ரேடான் காட்டும் கணக்கு

நிலத்துத் தண்ணீர் கடலுக்கு எப்படிப் போகிறது என்று யாரைக் கேட்டாலும் "ஆத்து வழியா" என்றுதான் சொல்வார்கள். ஆறு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அப்படிச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. வயலில் இறங்கிய மழைநீரும் பாசன நீரும் மண்ணுக்குள் கீழே போய், நிலத்தடி நீரோடு சேர்ந்து, சரிவு பார்த்து மெல்ல நகர்ந்து, கடைசியில் கடலின் அடித்தரை வழியாகக் கசிந்து வெளியே வருகிறது. ஆறே இல்லாத கரையிலும் இது நடக்கிறது.

இது புதுச் செய்தியும் அல்ல. இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. கரையை விட்டுத் தள்ளி, சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு கிணறு, உள்ளே நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஊர்க்கதை. கதை ஒருபுறம் இருக்கட்டும், கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சிரியா நாட்டுக் கரையில் கடலடி ஊற்றின்மேல் ஈயப் புனலைக் கவிழ்த்து, தோல் குழாய் வழியாக நல்ல தண்ணீர் எடுத்தார்கள் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார்.

தெரியாமல் இருந்தது அளவுதான். எவ்வளவு தண்ணீர் வருகிறது? அதோடு சேர்ந்து என்னென்ன வருகிறது? அதை அளக்க இன்றைக்குக் கைகொடுப்பது ரேடான் என்ற ஒரு வாயு. உழவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாம் வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி எங்கே போனது என்ற கேள்விக்கு இந்த வாயு பதில் சொல்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பவளப்பாறைக்கு உப்புரம் ஏன் ஆகாது?

பவளப்பாறை கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிர். சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்பால் வீடு கட்டுகின்றன. அவற்றின் உடம்புக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கிறது, பவளம் இடம் கொடுக்கிறது. சத்து மிகக் குறைந்த, கண்ணாடி போலத் தெளிந்த நீரில் பிழைக்கவே இந்தக் கூட்டுக்குடித்தனம். அதில் தழைச்சத்து வந்து சேர்ந்தால், பாறைமேல் வளரும் பெரிய பாசிகளுக்குத்தான் கொண்டாட்டம். அவை வேகமாக வளர்ந்து பவளத்தை மூடிவிடும், வெயிலை மறைக்கும், புதுக்குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் விடாது. களை எடுக்காத நெல்வயலின் கதிதான்.

பாறை போனால் அதை நம்பியிருக்கும் மீன் போகும், அலையின் வேகத்தைத் தடுக்கும் தடுப்பும் போகும். ஆக, இது கடற்கரை மக்களின் பிழைப்பு.

தழைச்சத்து நிலத்தடி வழியாக ஏன் இவ்வளவு எளிதாகப் போகிறது? நாம் போடும் யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். மண்ணில் அது முதலில் அமோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண் துகள்களுக்கு எதிர்மின் தன்மை. அமோனியத்துக்கு நேர்மின், அதனால் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின், அதனால் மண் அதைப் பிடிக்காது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மணிச்சத்து அப்படி இல்லை, பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எனவே நிலத்தடியில் அதிகம் பயணம் செய்வது நைட்ரேட்.

ரேடான் என்பது என்ன?

பாறையிலும் மண்ணிலும் மிகச் சிறிய அளவில் யுரேனியம் எங்கும் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து வரும்போது நடுவில் ரேடியம் பிறக்கிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். நிறம் கிடையாது, மணம் கிடையாது. மந்த வாயு என்பதால் எதோடும் சேராது. செடி அதை உண்ணாது, மண் அதைப் பிடிக்காது, உப்போடு கூடாது. வந்த வழியே தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கும். தடம் பார்க்க இதைவிட நல்ல ஆள் கிடையாது.

மண்ணிடுக்கில் இருக்கும் நிலத்தடி நீரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பாறைத் துகள்கள். அவற்றிலிருந்து ரேடான் ஊறிக்கொண்டே இருக்கிறது. மூன்று வாரம் மண்ணுக்குள் இருந்தாலே தண்ணீர் தன் பங்கு ரேடானை முழுதாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கடல்நீரில் வரத்து மிகக் குறைவு, செலவோ அதிகம். காற்றில் பறந்துவிடும், தானாகவும் சிதைந்துவிடும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். இன்று 100 பங்கு இருந்தால் 3.8 நாளில் 50, ஏழரை நாள் சுமாருக்கு 25, மூன்று வாரத்தில் இரண்டு மூன்று பங்குதான் மிஞ்சும்.

எனவே நிலத்தடி நீரில் ரேடான் கடல்நீரில் இருப்பதைப்போல் நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை இருக்கும். கரையோரக் கடல்நீரில் ரேடான் கூடுதலாகத் தெரிந்தால், கடந்த சில நாளுக்குள் மண்ணுக்கடியிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாறைத்திட்டுக்குள் கடல்நீர் தங்கிப் போவதும் சில நாள் கணக்குத்தான். அரை ஆயுள் அந்தக் கால அளவோடு பொருந்துவது நம் நல்ல நேரம். பல ஆண்டு ஆயுள் உள்ள பொருளாக இருந்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்து குழம்பிவிடும்.

"ஐயோ, கதிரியக்கமா?" என்று பயப்பட வேண்டாம். ஆய்வுக்காக யாரும் கடலில் எதையும் கொட்டுவதில்லை. இயற்கையாக ஏற்கெனவே இருப்பதை அளக்கிறார்கள், அவ்வளவுதான். காற்றோட்டம் இல்லாத வீடுகளில், சுரங்கங்களில் ரேடான் தேங்கினால் நுரையீரலுக்குக் கேடு, அது உண்மை. திறந்த கடலில் இருப்பது மிக மிகச் சொற்பம்.

எப்படி அளக்கிறார்கள்?

ஆரம்பத்தில் கையாண்ட முறை நம் தோட்டத்திலேயே செய்யக்கூடியது. ஒரு டீசல் டிரம்மைப் பாதியாக வெட்டி, கடலடி மணலில் கவிழ்த்து அழுத்தி, மேல்பக்க ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவது. கீழிருந்து ஊறும் தண்ணீர் பையில் சேரும். ஒரு மணி நேரம் கழித்துப் பையை அளந்தால் கணக்கு வந்துவிடும். 1977இல் டேவிட் லீ என்பவர் இதை விளக்கி எழுதினார். இன்றும் பயன்படுகிறது. ஆனால் டிரம் வைத்த இடத்து ஊற்று மட்டும்தான் தெரியும். பத்தடி தள்ளி ஊற்றுக்கண் இருந்தால் தெரியாது. கரடுமுரடான பாறையில் டிரம்மை அழுத்தவும் முடியாது.

ரேடானில் அந்தச் சிக்கல் இல்லை. நூறு ஊற்றுக்கண்ணில் இருந்து வந்ததெல்லாம் கடல்நீரில் கலந்து ஒன்றாகி நிற்கும். அந்தக் கலவையை அளந்தால் மொத்தக் கணக்கும் வரும். 1996இல் மெக்சிகோ வளைகுடாவின் புளோரிடாப் பக்கத்தில் இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். அதே ஆண்டில் வில்லார்ட் மூர் என்ற ஆய்வாளர் ரேடியத்தை வைத்துக் கணக்கிட்டு, அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கடலடியில் கசியும் நீர், அங்கே ஆறுகள் கொண்டுவரும் நீரில் சுமார் 40 விழுக்காடு என்று சொன்னார். அதுவரை 'கசிவுதானே' என்று ஒதுக்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2003இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பர்னெட்டும் ஹென்ரியெட்டா துலாயோவாவும் ரேடானை இடைவிடாமல் அளந்து கணக்குப் போடும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் அந்த முறைதான்.

கருவி இப்படி வேலை செய்கிறது. படகிலோ கரையிலோ வைத்த சிறு பம்பு கடல்நீரை உறிஞ்சி ஒரு மூடிய உருளைக்குள் தூறலாகப் பீய்ச்சுகிறது. நீரில் இருந்த ரேடான் அங்குள்ள காற்றுக்கு மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் சமநிலை வந்து, 25 பாகை வெப்பத்தில், காற்றில் இருப்பது நீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக நிற்கும். அந்தக் காற்றை ஈரம் உறிஞ்சும் குருணை வழியாகச் செலுத்தி உலர்த்தி (ஈரம் ஏறினால் குருணை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், மாற்றிவிட வேண்டியதுதான்) உணர்கருவிக்குள் அனுப்புகிறார்கள். அங்கே ரேடான் சிதைந்து பொலோனியமாகும். மின்னழுத்தத்தால் அது உணர்கருவியின் முகத்தில் போய் ஒட்டி, தானும் சிதையும்போது ஆல்ஃபா துகளை வீசுகிறது. கருவி அதை எண்ணுகிறது.

ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை என்று எண்ணிக்கை எடுப்பார்கள். கடல் ஏறும்போது ரேடான் குறைகிறது, வற்றும்போது கூடுகிறது. அதே நேரத்தில் உப்பு அளவு நேர் எதிராக ஆடும். காரணம் சுலபம். கடல் மட்டம் இறங்கினால் நிலத்தடி நீருக்கு எதிரே இருந்த அழுத்தம் குறைகிறது, ஊற்று வேகம் எடுக்கிறது. வாய்க்கால் மடையில் எதிர்த்தண்ணீர் இறங்கினால் நம் வயல் வடிவது போல.

பேரேட்டுக் கணக்கு

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு பார்த்தவனுக்கு இந்த இடம் சொந்த வீடு மாதிரி. ரேடான் கணக்கும் வரவு, செலவு, இருப்புதான்.

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன், இது எங்கேயும் அளந்த எண் அல்ல. இரண்டு மீட்டர் ஆழமுள்ள பாறைத்திட்டில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்வோம். கனமீட்டருக்கு 100 பெக்கரல் ரேடான் என்றால், அந்தத் தண்ணீர்த் தூணில் கையிருப்பு 200. (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.)

செலவுப் பக்கம்: ஒரு நாளில் தானாகச் சிதைவது 36. காற்றில் பறப்பது 44. வெளிக்கடல் நீரோடு கலந்து போவது 160. மொத்தம் 240.

வரவுப் பக்கம்: கடலடி மண்ணிலிருந்து ஊறுவது, கடல்நீரில் கரைந்த ரேடியத்திலிருந்து பிறப்பது, ஏற்றத்தோடு வெளியிலிருந்து வருவது எல்லாம் சேர்த்து 20.

செலவு 240, தெரிந்த வரவு 20, ஆனாலும் இருப்பு குறையாமல் 200 ஆகவே நிற்கிறது. அப்படியானால் கணக்கில் வராத 220 எங்கிருந்தோ தினமும் வந்துகொண்டிருக்கிறது. அதுதான் நிலத்தடி நீர். கரையோரக் கிணற்றில் அளந்ததில் கனமீட்டருக்கு 4,400 பெக்கரல் இருந்தால், 220-ஐ 4,400-ஆல் வகுக்க 0.05 கனமீட்டர், அதாவது 50 லிட்டர். அந்த ஒரு சதுர மீட்டர் கடலடியில் நாளொன்றுக்கு 50 லிட்டர் ஊறுகிறது.

இனி நைட்ரேட். கசிந்து வரும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் என்று வைப்போம். குடிநீருக்கு நம் நாட்டில் அனுமதித்த அளவு 45 மில்லிகிராம், ஆக இது தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லும் தண்ணீர். 50 லிட்டரில் ஒரு கிராம். ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ நைட்ரேட். அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றிப் பார்த்தால் ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ. மனிதன் குடிக்கத் தகுந்த தண்ணீரே, பவளப்பாறைக்குத் தினம் தினம் யூரியா தூவினதற்குச் சமமாகிவிடுகிறது. சத்தில்லாத நீரில் வாழப் பழகிய உயிருக்கு இது தாங்குமா?

இந்தக் கணக்கில் பிசகு வரும் இடங்களும் உண்டு. காற்று வேகத்தைத் தப்பாக எடுத்தால் பறந்த ரேடான் கணக்கு மாறும். ஆறு வந்து சேரும் இடமென்றால் அது கொண்டுவருவதைத் தனியே கழிக்க வேண்டும். கிணற்றுக்குக் கிணறு ரேடான் வேறுபடும், எனவே ஒரே கிணற்றை நம்பி வகுக்கக் கூடாது. இன்னொன்று முக்கியம். கடலடியில் ஊறுவது முழுக்க நல்ல தண்ணீர் அல்ல. அலையும் ஏற்றவற்றமும் கடல்நீரையே மணலுக்குள் தள்ளி, அது சுற்றிக்கொண்டு மறுபடி வெளியே வரும். அதுவும் ரேடானைச் சுமந்துதான் வரும். இரண்டையும் பிரிக்க உப்பு அளவையும் கூடவே பார்க்கிறார்கள். மணவாளக்குறிச்சி மாதிரித் தோரியம் நிறைந்த மணல் உள்ள கரையில், ரேடானின் பங்காளியான தோரான் வந்து எண்ணிக்கையைக் குழப்பும். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் பிரித்தெடுத்துவிடலாம்.

மாவுயி தீவில் நடந்தது

ஹவாய்த் தீவுகளில் ஒன்று மாவுயி. எரிமலைப் பாறை, தண்ணீரை வடிகட்டி போல உள்ளே விடும். சுற்றிலும் பவளப்பாறை. தீவின் நடுப்பகுதியில் நூறாண்டுக்கு மேலாகக் கரும்பு. கடைசி நாளில் சுமார் 36,000 ஏக்கர். ஹவாயின் கடைசிக் கரும்பாலையான அது 2016 டிசம்பரில் மூடப்பட்டது.

ஆலை மூடுவதற்கு முன்பான ஆண்டுகளில் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவைச் சுற்றிப் பல விரிகுடாக்களில் ரேடானை அளந்தார்கள். மேலே காடு மட்டும் உள்ள இடம், நகரக் கழிவுநீரைக் கிணற்றில் இறக்கும் இடம், கரும்பு வயல் உள்ள இடம் என்று வகை வகையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ரேடான் 'எவ்வளவு தண்ணீர்' என்று சொன்னது. அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டை அளந்து பெருக்கியபோது 'எவ்வளவு சத்து' என்று தெரிந்தது. கரும்பு வயலுக்குக் கீழே இருக்கும் கூவாவ் விரிகுடாவில் கரைநீரின் நைட்ரேட் மிக அதிகம். அங்கே பாறைமேல் சில வகைப் பாசிகளே ஆக்கிரமித்துக் கிடந்தன. மனிதர் தலையீடு குறைந்த விரிகுடாக்களில் நிலைமை வேறு.

சத்து யாருடையது என்பதை ரேடான் சொல்லாது. அதற்கு நைட்ரஜனிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. நைட்ரஜன் 14, நைட்ரஜன் 15 என இரண்டு வகை அணுக்கள். காற்றிலிருந்து செய்யும் யூரியாவில் இவற்றின் விகிதம் காற்றை ஒட்டியிருக்கும். கழிவுநீரில் கனமான வகை கூடுதலாக இருக்கும். கரையில் வளரும் பாசி எதைத் தின்றதோ அதன் விகிதம் பாசியின் உடம்பில் பதிந்திருக்கும். பாசியைக் காயவைத்துச் சோதித்தால் உரமா, கழிவா என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

இதே தீவின் மேற்குக் கரையில் நடந்தது நீதிமன்றம் வரை போன கதை. லஹைனாவில் நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 40 லட்சம் கேலன் அளவில், அதாவது சுமார் 1.5 கோடி லிட்டர், நான்கு கிணறுகள் வழியாக நிலத்துக்குள் இறக்கி வந்தார்கள். கடலிலிருந்து கிணறு சுமார் அரை மைல் தள்ளி. "நாங்க கடல்ல விடலையே, பூமிக்குள்ளதானே விடுறோம்" என்பது நிர்வாகத்தின் வாதம். எதிரே கஹெகிலிக் கரையில் பாறை பாசியால் மூடிக்கொண்டே வந்தது. பாசி தின்னும் மீன்களைப் பிடிக்கக் கூடாது என்று 2009இல் தடைகூடப் போட்டார்கள்.

2011 ஜூலையில் கிணற்றில் ஒளிரும் சாயத்தைக் கலந்துவிட்டார்கள். 84ஆம் நாள் அது கடலடி ஊற்றில் எட்டிப் பார்த்தது. சாயம் வழியைக் காட்டியது. ரேடான் கணக்கு ஊற்றின் அளவைக் காட்டியது. சாயம் இட்ட இரண்டு கிணறுகளில் இறக்கிய நீரில் ஏறத்தாழ 64 விழுக்காடு அந்த ஊற்றுகள் வழியாகவே கடலுக்குப் போகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். சத்தும் அமிலத்தன்மையும் கூடிய அந்த நீரால், பவளத்தைத் துளைக்கும் உயிரிகளின் வேலை அதிகமாகிப் பாறையே அரிக்கப்படுகிறது என்றும் பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஏப்ரலில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. நிலத்தடி வழியாகப் போனாலும், குழாய் போட்டுக் கடலில் விட்டதற்குச் சமமான விளைவு இருந்தால் அதற்கு அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்றது நீதிமன்றம். மண்ணுக்குள் விட்டால் கணக்கு முடிந்தது என்ற வாதம் அதோடு செல்லாக்காசு ஆனது.

நம் கரைக்கு இதில் என்ன?

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. மீனவர் மொழியில் 'பார்'. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. சூட்டால் அடிபட்ட பவளம் தேறி வரும் நேரத்தில் பாசி வந்து மூடினால் எழுந்திருக்கவே முடியாது. சூட்டைக் குறைப்பது நம் ஒருவர் கையில் இல்லை. கரையிலிருந்து போகும் சத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நம் நாட்டிலும் அளக்கும் வேலை தொடங்கிவிட்டது. கொள்ளிடம் கழிமுகத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் ரேடானை வைத்துக் கசிவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமும் இந்தத் துறையில் வேலை செய்கிறது.

கடலுக்குப் போகும் தண்ணீரை "வீண்" என்று சொல்லும் பழக்கமும் நமக்கு உண்டு. அதையும் இந்த இடத்தில் திருத்திக்கொள்ளலாம். நிலத்தடி நீர் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால்தான் கடல் உள்ளே வராமல் நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு, அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். போர் போட்டு மேலே ஓர் அடியை இறக்கினால், கீழே 40 அடி உப்பு ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் நடந்தது இதுதான். ஆக, கடலுக்குத் தண்ணீர் போகவேண்டும், ஆனால் உப்புரத்தைச் சுமக்காமல் போகவேண்டும்.

வயலில் செய்ய வேண்டியது

இயற்கை வழி உழவர்கள் யூரியா போடுவதில்லை, அதனால் இது நமக்கு இல்லை என்று இருந்துவிடக் கூடாது. நைட்ரேட்டுக்கு ஜாதி கிடையாது. யூரியாவிலிருந்து வந்தாலும் கோழி எருவிலிருந்து வந்தாலும் தண்ணீரோடு போகும். மட்காத கோழி எருவை மணல் நிலத்தில் டன் கணக்கில் கொட்டி, அடுத்த வாரம் அடைமழை பிடித்தால், யூரியா போட்டவர் வயலுக்கும் நம் வயலுக்கும் வித்தியாசம் இருக்காது.

1. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் எருவை மொத்தமாகப் போட வேண்டாம். பயிர் எடுக்கும் அளவுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். மணற்பாங்கான கரையோர நிலத்துக்கு இது கட்டாயம்.

2. மழைக்காலத்தில் நிலத்தை வெறுமனே விடாதீர்கள். வேர் இருந்தால்தான் நைட்ரேட்டை எடுக்க ஆள் இருக்கும். தக்கைப்பூண்டு, சணப்பு, பலதானியம் எதுவானாலும் சரி.

3. எருக்குழிக்கு மேலே கூரையோ மூடாக்கோ வேண்டும். திறந்த குப்பைமேட்டில் மழை பெய்தால் நம் சத்து நம் கிணற்றுக்குள்ளேயே இறங்கும்.

4. பாசனம் வேர் ஆழத்தோடு நிற்கட்டும். அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு குடமும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

5. கிணற்று நீரில் நைட்ரேட் சோதனை செய்யுங்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. இரண்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். நாலைந்து ஆண்டு எழுதினால் உங்கள் நிலம் எவ்வளவு விடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நிலத்தடி நீர் மெதுவாக நகரும். இன்று இறங்கிய நைட்ரேட் கடலுக்குப் போய்ச்சேர இடத்தைப் பொறுத்து மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். இன்று உரத்தை நிறுத்தினாலும் பழைய பாக்கி கொஞ்ச காலம் போய்க்கொண்டுதான் இருக்கும். பலன் உடனே தெரியவில்லையே என்று கைவிட்டுவிடக் கூடாது. அதே காரணத்தால், இன்று பாறை நன்றாக இருக்கிறதே என்று மெத்தனமாகவும் இருக்க முடியாது.

கரையோர மாவட்டங்களில் உள்ள நம் உழவர் குழுக்கள், மீனவர் சங்கத்தாரோடு சேர்ந்து ஒரு வேலை செய்யலாம். கடலடி ஊற்று எங்கே இருக்கிறது என்று மீனவருக்குத் தெரியும். வற்றத்தில் எங்கே கால் குளிர்கிறது, எங்கே தண்ணீர் இனிக்கிறது என்று அவர்கள் காட்டுவார்கள். அந்த ஊற்றுக்கு மேலே கரையில் யார் நிலம், என்ன பயிர், எந்தப் பண்ணை, எந்த ஊரின் சாக்கடை என்று நாம் குறிக்கலாம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, இங்கே ரேடானும் நைட்ரேட்டும் அளந்து தாருங்கள் என்று கேட்கலாம். கருவி அவர்களிடம் இருக்கிறது, இடம் நம்மிடம் இருக்கிறது. வரும் மழைக்காலத்துக்குள் ஒரு கரையிலாவது இதைத் தொடங்கிவிட வேண்டும்.